நைட் ஷிப்டும் சமணர் மலை வவ்வாலும்

ஓசூரில் டைட்டன் கைக்கடிகார ஆலை வந்த காலத்தில், நான் அதே ஊரில் வேறொரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு ஷிப்ட். நைட் ஷிப்டில் விடியற்காலை நான்கு மணியானால் எனக்குக் கண் சொருகும். டீ குடித்தாலும் முகம் கழுவினாலும் நிற்காது. ஒரு நாள் நின்றபடியே தூங்கிப்போனேன், ஒரு பேட்ச் முழுக்க ரிஜெக்ட். வேலையில் அசட்டை என்று மெமோ வந்தது. வீட்டுக்கு வந்து பகலில் படுத்தாலோ நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் பிடிக்காது. நான்தான் சோம்பேறி என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த என் அக்கா மகன் ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். "மாமா, அந்த நேரத்துல உடம்புச் சூடே குறைஞ்சிடும். உள்ளே ஒரு கடிகாரம் ஓடுது. எங்க யுனிவர்சிட்டியிலேயே அதை ஆராய்ச்சி பண்றாங்க" என்றான்.

அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியவர் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் எர்வின் ப்யூன்னிங் என்ற தாவரவியல் மேதையிடம் பயிற்சி பெற்றவர். எழுபதுகளில் மதுரைக்கு வந்து விலங்கு நடத்தையியல் துறையை உருவாக்கினார். அப்படி ஒரு பெயரில் துறை இருப்பதே அப்போது அபூர்வம்.

விஷயம் பழையதுதான். கிருஷ்ணகிரி சாலையோரப் புளியமரம் பொழுது சாய்ந்தால் இலை மூடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அலெக்சாண்டரோடு வந்த ஆண்ட்ரோஸ்தெனிஸ் என்பவரும் இப்படி இலை மூடும் மரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தார். 1729இல் பிரான்சில் தெ மேரான் என்பவர் தொட்டாற்சுருங்கி வகைச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமலும் அது பகல் நேரத்தில் இலை விரித்தது. நேரம் செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது முதல் சாட்சி.

மதுரைக்காரர்கள் கையில் எடுத்தது வவ்வாலை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே சமணர் மலை. அங்கே குகைக்குள் இலைமூக்கு வவ்வால்கள் கூட்டமாக வாழ்கின்றன. சிலவற்றைப் பிடித்து, வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் கூட்டம் இருந்தவரை, அந்தி சாய்ந்து மற்றவை வெளியே கிளம்பும் நேரத்தில் கூண்டு வவ்வாலும் படபடத்தது. கூட்டமில்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் கணக்கு நாளுக்கு நாள் விலகிப்போனது. சூரியனைப் பார்க்காமலேயே சொந்தபந்தத்தை வைத்து நேரம் பார்த்திருக்கிறது! மாரிமுத்து, சந்திரசேகரன் முதலியோர் 1981இல் இதை வெளியிட்டார்கள்.

அடுத்தது மனிதன். ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் யூர்கன் ஆஷோஃப் பூமிக்கடியில் அறை கட்டி ஆட்களைத் தனியே வாழ வைத்திருந்தார். மதுரையிலும் அப்படி ஒரு தனிமை அறை வந்தது. கடிகாரம் கிடையாது, செய்தித்தாள் கிடையாது, வெளிச்சத்தம் கிடையாது. தூக்கம் வந்தால் படுக்கலாம், விழித்தால் எழலாம். ஆண்களும் பெண்களும் முன்வந்து இருந்தார்கள். பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சியையும் சேர்த்துக் கவனித்தார்கள். இத்தகைய அறைகளில் பெரும்பாலோரின் நாள் 24 மணியைத் தாண்டி மெல்ல நகரும். சிலருக்குத் தூக்கம் ஒரு கணக்கிலும் உடம்புச் சூடு வேறொரு கணக்கிலுமாகப் பிரிந்துவிடும்.

அக்கா மகன் இதைச் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறைக்குள் போகாமலேயே எங்களுக்கு இதுதானே நடந்தது! ஷிப்ட் மாறிய வாரம் உடம்பு பழைய ஷிப்டிலேயே இருக்கும். ஒருவாறு பழகும்போது அடுத்த ஷிப்ட் வந்துவிடும். பகலில் கதவைச் சாத்திப் படுத்தாலும் பால்காரர் சைக்கிள் மணி, குக்கர் விசில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம். சமணர் மலை வவ்வாலை அதன் கூட்டம் இழுத்த மாதிரி என்னைத் தெரு இழுத்தது.

சந்திரசேகரன் பின்னாளில் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்துக்குப் போனார். நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தவரைப் போய்ப் பார்க்காமல் விட்டோமே என்று எனக்கு வருத்தம்தான். 2009இல் காலமானார். எட்டு வருஷம் கழித்து, பழ ஈயின் கடிகார மரபணுக்களைக் கண்டவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழ ஈயின் கடிகாரத்தை அவரும் ஆராய்ந்தவர்தான்.

அக்கா மகன் இப்போது கல்லூரி ஆசிரியர். போன மாதம் வந்தபோது அந்தப் பழைய மெமோவைக் கேட்டான். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெயரை மறைத்துவிட்டு வகுப்பில் காட்டப் போகிறானாம்.