சங்கு ஊதிய ஊரில் சந்தையும் ரயிலும்

ஓர் ஊருக்கு ரயில் வந்தால் பின்னாலேயே கடைகளும் வந்துவிடும் என்பார்கள். இங்கிலாந்தின் வில்ட்சயர் வட்டாரத்தில் உள்ள சுவிண்டன் நகரத்தின் கதை அவ்வளவு எளிதானதன்று. அங்கே ரயில் முதலில் பழைய சந்தையைக் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு கடைத்தெருவுக்குச் சோறு போட்டது. கடைசியில் தன் பட்டறையையே கடைகளுக்கு விட்டுவிட்டுப் போனது.

பழைய சுவிண்டன் குன்றின்மேல் அமைந்த சிறிய சந்தை ஊர். வாரச் சந்தை நடத்த 1626-இல் அரச அனுமதி பெற்றவர் அவ்வூர் நிலப்பிரபு தாமஸ் காடர்ட். 1801-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அங்கு இருந்தவர்கள் 1,198 பேர் மட்டுமே.

லண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்கப் பாதை போட்டுக்கொண்டிருந்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்கு இன்ஜின் பட்டறை ஒன்று தேவைப்பட்டது. இன்ஜின் பிரிவின் தலைவர் டேனியல் கூச்சுக்கு அப்போது வயது 24. சுவிண்டன்தான் பொருத்தமான இடம் என்று 1840-இல் தலைமைப் பொறியாளர் புருனெலுக்குக் கடிதம் எழுதினார். செல்ட்டன்ஹாம் செல்லும் பாதை பிரியும் இடம் அது; மேற்கே ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் இன்ஜினை மாற்றவும் வசதி. அந்தக் கணக்கில் குன்றின்மேல் இருந்த சந்தைக்கு வேலையே இல்லை. தண்டவாளம் அடிவாரத்தில் போனது. 1843 ஜனவரியில் பட்டறை முழுமையாக இயங்கத் தொடங்கியது.

ரயில் நிலையத்தில் நடந்த முதல் வியாபாரம் சுவையானது. கட்டடக் குத்தகைக்காரர் ஒருவர் தம் சொந்தச் செலவில் நிலையத்தையும், தொழிலாளர்களுக்கு 300 வீடுகளையும் கட்டித் தர ஒப்புக்கொண்டார். கைம்மாறாக நிலையத்தின் சிற்றுண்டிச்சாலை 99 ஆண்டுகளுக்கு அவருக்கு. வாடகை ஆண்டுக்கு ஒரு பென்னி! எல்லா ரயில்களும் அங்கே பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்பதும் ஒப்பந்தம். வாடிக்கையாளரை ரயிலே கொண்டுவந்து இறக்கிவிடும்போது தரத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அங்கே கிடைத்தது காப்பியே அன்று என்று புருனெலே கிண்டலாகக் கடிதம் எழுதினார். கையில் காசில்லாத நேரத்தில் போட்ட இந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட, 1895-இல் நிறுவனம் 1,00,000 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. மலிவாகக் கிடைத்த கட்டடத்துக்கு இப்படி ஒரு விலை!

இதற்கிடையே அடிவாரத்தில் புதிய சுவிண்டன் எழுந்தது. மேலே ஓர் ஊர், கீழே ஓர் ஊர். இரண்டும் 1900-இல்தான் ஒரே நகராட்சியாயின. மறு ஆண்டில் மக்கள்தொகை சுமார் 45,000. 1847-இல் அமைந்த மருத்துவ நிதிக்குத் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சந்தா கொடுத்தார்கள். குடும்பத்துக்கே மருத்துவம் கிடைத்தது. தேசிய சுகாதாரச் சேவைக்கு இது முன்னோடி என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது.

ஊரின் கடிகாரம் பட்டறைச் சங்குதான். தூக்கம் கெடுகிறது என்று அக்கம்பக்கத்துப் பிரபு ஒருவர் 1870-களில் புகார் செய்தார். தொழிலாளர்களோ, சங்கு வேண்டும் என்று மனுப் போட்டார்கள். நேரம் தவறினால் கூலி போய்விடுமே!

கூலிக்கும் கடைத்தெருவுக்கும் உள்ள உறவைப் பார்க்க ஆண்டுக்கு ஒரு வாரம் போதும். 1849-இல் சுமார் 500 பேர் ஆக்ஸ்போர்டுக்குப் போன உல்லாசப் பயணம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் இலவச ரயிலில் கடற்கரைக்குக் கிளம்பும் திருவிழாவாகிவிட்டது. அந்த வாரம் கடைத்தெரு வெறிச்சோடும். ரயில் இலவசம், விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. ஊர் திரும்பினால் சம்பள நாளில் கை வெறுமை. மளிகைக்காரரிடம் கடன் சொல்லாமல் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்? சம்பளத்துடன் விடுமுறை 1938-இல்தான் வந்தது.

1920-களில் 14,000 பேர் வேலை செய்த பட்டறை அது. பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி இன்ஜினான 'ஈவினிங் ஸ்டார்' 1960-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. அதன்பின் ஆள்குறைப்பு. 1986 மார்ச் மாதம் சங்கு கடைசி முறையாக ஊதியது. தந்தை, மகன், பேரன் என்று ஒரே வாயிலில் நுழைந்த குடும்பங்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

பட்டறைக் கட்டடங்கள் சிலவற்றில் 1997-இல் பேரங்காடி திறக்கப்பட்டது. பெயர் பெற்ற நிறுவனங்களின் உடைகளும் காலணிகளும் கழிவு விலைக்கு விற்கும் இடம். பளு தூக்கிகள் ஓடிய உத்தரங்களுக்குக் கீழே இப்போது துணிக்கடைகள். கட்டடம் இடிபடாமல் தப்பியது நல்லதுதான். ஆனால், இன்ஜின் கட்டிய கைத்தொழிலுக்குக் கடை வேலை ஈடாகுமா? பக்கத்திலேயே 2000-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் அந்தக் கைத்தொழிலைக் காட்சியாகப் பார்க்கலாம்.

தண்டவாளத்துக்கு அடியில் ஒரு நடைச் சுரங்கம் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பிலிருந்து பட்டறைக்குப் போன வழி அது. இன்று அதே வழியாகப் பைகளைச் சுமந்துகொண்டு மக்கள் கடைக்குப் போய்வருகிறார்கள். தலைக்குமேல் லண்டன் ரயில் ஓடுகிறது.