குற்றத்துக்குக் காரணம் பிறப்பா, பசியா?

"அந்த ஊர்க்காரங்க அப்படித்தான்" என்று சிலர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காமர்ஸ் படிக்கும் எனக்கு, ஊரைப் பார்ப்பதற்கு முன் விலைவாசியைப் பார்க்கத் தோன்றுகிறது.

ஜெர்மனியின் பவேரியாவில் 1836 முதல் 1861 வரையிலான கணக்குகளை கேயார்க் வான் மயர் என்ற புள்ளியியல் அறிஞர் ஆராய்ந்தார். ஏழைகளின் உணவான ரை தானியத்தின் விலை ஏறியபோது திருட்டும் ஏறியது, விலை இறங்கியபோது திருட்டும் இறங்கியது.

நம் பக்கமும் அதே கதைதான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் கொள்ளைகள் பெருகின. 1918ல் முதல் உலகப் போரால் அரிசி விலை எகிறியபோது, பல ஊர்களில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன.

ஆனால் ஆங்கிலேய அரசு விலையைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தது. 1871ல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்தது. மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள் அதில் சிக்கினார்கள். அவர்களுடையது மானாவாரி நிலம். ஊர்க்காவலுக்குக் கிடைத்த கூலியையும் போலீஸ் முறை வந்து பறித்துவிட்டது. 1895ல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் எங்கள் கூடலூர் வழியாக இறங்கி கம்பம் பள்ளத்தாக்கைச் செழிக்க வைத்தது. உசிலம்பட்டி மேட்டு நிலத்துக்கு அது எட்டவில்லை.

மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் சொன்ன இடத்தில்தான் படுக்க வேண்டும், வெளியூர் போக சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே அரசு கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் தொடங்கியது. பிறவிக் குணம்தான் காரணம் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு? கடன் எதற்கு? 1947ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

அதற்காக ஏழை என்றாலே திருடன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 2008-09 பொருளாதார வீழ்ச்சியில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆனாலும் குற்றங்கள் குறைந்தன. வேலை போனாலும் சாப்பாட்டுக்கு வழி இருப்பது வேறு, எந்த வழியும் இல்லாமல் போவது வேறு.

இனி யாராவது "அவங்க அப்படித்தான்" என்றால், அந்த வருஷம் அங்கே அரிசி என்ன விலை, வேலை இருந்ததா என்று கேளுங்கள்.