மலாகாவிலிருந்து அல்மேரியா வரை: ஒரு கடற்கரை வீதியின் கதை

நெர்ஹாவுக்குப் போகிற எல்லாரும் முதலில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். 'ஐரோப்பாவின் பல்கணி' என்று அதற்குப் பெயர். ஊரின் நடுவிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பாறைமேடை. 1884 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, அழிவைப் பார்க்க வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோதான் இந்தப் பெயரை வைத்தார் என்று சொல்லுவார்கள். அவருடைய சிலையும் அங்கே நிற்கிறது. சனம் அதோடு சாய்ந்து நின்று படம் எடுக்கும். நாங்களும் எடுத்தோம்.

ஸ்பெயினின் தெற்குக் கரையில், மலாகா நகரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் இருக்கிற ஊர் இது. வெள்ளை அடித்த வீடுகள், ஒடுங்கின ஒழுங்கைகள், பின்னால் மலை. இந்தக் கரைப்பக்கத்தில் 'ஹாபெகா' என்றொரு வள்ளம் இருக்கிறது. முன்பக்கத்தில் இரண்டு கண் வரைந்திருப்பார்கள். அந்த வள்ளத்தில் போய் வலையை வளைத்துவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் இழுக்கிறது. எங்கட கரைவலை மாதிரித்தான். பிடித்த மத்தி மீனைக் கம்பில் குத்தி, மணலில் நெருப்பு மூட்டி வாட்டிச் சாப்பிடுவார்கள்.

இவ்வளவும் எந்தப் பயணக் கையேட்டிலும் இருக்கும். நாங்கள் சொல்ல வந்தது ஊருக்குப் பக்கத்தால் போகிற வீதியைப் பற்றி.

1936 யூலையில் ஜெனரல் பிராங்கோவும் மற்றைய இராணுவத் தளபதிகளும் ஸ்பானியக் குடியரசுக்கு எதிராகக் கிளம்பினார்கள். 1937 பெப்ரவரி 8ஆம் திகதி மலாகா அவர்களின் கையில் விழுந்தது. முசோலினி அனுப்பிய இத்தாலியப் படைகளும் கூட வந்தன. அதற்கு முதலே சனம் வெளிக்கிட்டுவிட்டது. செவில் வானொலியில் ஜெனரல் கெய்போ தெ யானோ மாதக்கணக்காகப் பேசிவந்த மிரட்டல் பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு, பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். குடியரசின் கையில் மிஞ்சியிருந்த பக்கம் கிழக்கு. அல்மேரியா ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரம். போக இருந்தது இந்த ஒரு வீதிதான்.

எத்தனை பேர் நடந்தார்கள்? ஒரு இலட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. கனபேர் பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள். கழுதையில் மூட்டை, தோளில் பிள்ளை. பசிக்கு வயலில் நின்ற கரும்பை முறித்துச் சப்பினதாகத் தப்பினவர்கள் பிறகு சொல்லியிருக்கிறார்கள். நெர்ஹாவைத் தாண்டினால் வீதியின் ஒரு பக்கம் செங்குத்து மலை, மறுபக்கம் கடல். அந்தக் கடலில் பிராங்கோ தரப்பின் போர்க்கப்பல்கள் நின்று செல் அடித்தன. கனாரியாஸ், பலெயாரெஸ், அல்மிராந்தே செர்வேரா என்பவை அவற்றின் பெயர்கள். மேலே விமானங்கள். ஒதுங்க இடமில்லை. இதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

செத்தவர்கள் 3,000 முதல் 5,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். சரியான கணக்கு எவரிடமும் இல்லை. கணக்கெடுக்க வேண்டியவர்களே கொன்றவர்களாக இருந்தால் கணக்கு எங்கே வரும்?

கனடாவைச் சேர்ந்த வைத்தியர் நோர்மன் பெத்தூன் அந்த நேரம் இரத்தம் ஏற்றும் வாகனத்தோடு மலாகாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த சனத்தைக் கண்டதும் அந்த வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளை ஏற்றி அல்மேரியாவுக்குக் கொண்டுபோய் விடத் தொடங்கினார். கூடப்போன ஹேசன் சைஸ் படங்கள் எடுத்தார். அந்தப் படங்களோடு பெத்தூன் எழுதிய சிறுநூல் அதே வருடம் வெளியானது. அது இல்லையென்றால் உலகத்துக்குக் காட்ட மிகக் கொஞ்சம்தான் இருந்திருக்கும்.

நடந்து சேர்ந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 12ஆம் திகதி அல்மேரியாவிலும் குண்டு விழுந்தது.

பிறகு வந்தது மௌனம். பிராங்கோ 1975இல் சாகும்வரை இதைப் பற்றி வெளியில் கதைக்க ஏலாது. 1959இல் நெர்ஹாவில் ஐந்து பெடியள் தற்செயலாக ஒரு பெரிய குகையைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே அது பார்வைக்குத் திறக்கப்பட்டது. அறுபதுகளில் அரசாங்கம் வெயிலையும் கடலையும் காட்டி ஐரோப்பாவைக் கூப்பிட்டது. சனம் செத்த அதே கரை விடுமுறைக் கரையானது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒளிபரப்பான 'வெரானோ அசூல்' தொலைக்காட்சித் தொடர் இங்கேதான் எடுக்கப்பட்டது. அதில் வருகிற கற்பனை மீனவரின் வள்ளத்தைப்போல ஒன்றை ஊர்ப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஏறி விளையாடுகின்றன. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கற்பனை ஆளின் வள்ளத்தைக் காட்டுகிற ஒரு கரையில், உண்மையில் நடந்தவர்களைப் பற்றி எவ்வளவு காலம் பேசாமல் இருந்திருக்கிறார்கள் என்று யோசித்தோம்.

பிராங்கோ போன பிறகும் கதவு உடனே திறக்கவில்லை. 1977 பொதுமன்னிப்புச் சட்டம் விசாரணைக்கு வழியில்லாமல் செய்தது. பேச்சு திரும்பி வந்தது தப்பினவர்களாலும் அவர்களின் பிள்ளைகளாலும் பேரப்பிள்ளைகளாலும்தான். மலாகா நகரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களைப் புதைத்த சான் ரபாயேல் மயானத்தை 2006 முதல் 2009 வரை தோண்டினார்கள். 2,840 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2006இல் மலாகாவின் ஒரு கடற்கரை நடைபாதைக்குப் பெத்தூன் குழுவின் நினைவாகக் 'கனடியர் நடைபாதை' என்று பெயர் வைத்தார்கள். இப்போது ஒவ்வொரு பெப்ரவரியிலும் மலாகாவிலிருந்து அல்மேரியா வரை அதே வழியால் ஆட்கள் நடக்கிறார்கள். அந்த ஓட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'லா தெஸ்பந்தா'. சிதறி ஓடினது என்று அர்த்தம்.

பின்னேரம் திரும்பவும் பல்கணிக்குப் போனோம். அங்கே இரண்டு பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன, ஒருகாலத்தில் அந்த இடத்தில் நின்ற கோட்டையின் மிச்சம். எல்லாரும் அவற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நாங்கள் கிழக்குப் பக்கம் திரும்பி, மலைக்கும் கடலுக்கும் நடுவில் வீதி போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காலையில் அதே இடத்தில் படம் எடுத்தபோது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.