தேநீர்க்கடைக்காகப் பிறந்த கணினி

ஒரு நிறுவனத்தின் அன்றாட வணிகக் கணக்கை முதன்முதலில் போட்ட கணினியைக் கட்டியவர்கள் லண்டனில் தேநீரும் கேக்கும் விற்ற ஜே. லயன்ஸ் நிறுவனத்தார். 1894இல் பிக்காடிலியில் முதல் தேநீர்க்கடையைத் திறந்த லயன்ஸ், பின்னர் அப்படி 200க்கும் மேற்பட்ட கடைகளை நடத்தியது. ஒரு பன்னில் கிடைக்கும் லாபம் சல்லிக்காசுதான். அதை விற்றதற்குக் கணக்கு எழுதும் செலவே அந்த லாபத்தை விழுங்கிவிடக்கூடும். அதனால்தான் 1947இல் தாம்ப்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரு அதிகாரிகள் அலுவலக முறைகளைப் பார்த்துவர அமெரிக்கா போனார்கள். அவர்கள் திரும்பியபின் கேம்பிரிட்ஜில் உருவாகிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்கு லயன்ஸ் 3,000 பவுண்டு கொடுத்தது. அதே அமைப்பைப் பின்பற்றி ஹாமர்ஸ்மித்தின் கேட்பி ஹாலில் ‘லியோ’வைக் கட்டியது. 1951 நவம்பரில் லியோ பேக்கரி உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடத் தொடங்கியது.

அப்போது தேநீர்க்கடை முதிர்ந்துவிட்ட சரக்கு என்பதுதான் இதில் முக்கியம். பண்டம், விலை, வாடிக்கையாளர் எல்லாம் தெரிந்தவையே. வீணாவதையும் எழுத்து வேலையையும் குறைப்பதே மிச்சமிருந்த வழி. லியோ அதற்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. எழுத்தருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை அது ஒன்றரை நொடியில் முடித்தது. 1954 முதல் கடைப் பொறுப்பாளர்கள் வழக்கமான ஆர்டரில் மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும் என்றானது. மறுநாள் எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொண்டது. பொருளின் வயதுக்கு இவ்வளவு பொருந்திய தகவல் அமைப்பு அரிது. அதன் எல்லையும் அந்தப் பொருத்தத்திலேயே இருந்தது. ஒரு கடைக்கு எத்தனை பன் வேண்டும் என்று லியோ சொல்லும். அந்தக் கடையே இனி வேண்டுமா என்பது அதனிடம் யாரும் கேட்காத கேள்வி. அதே 1954இல் லயன்ஸே ‘விம்பி’ என்ற ஹாம்பர்கர் கடையைத் தொடங்கியது. நகரத்தார் சாப்பிடும் முறை மாறிவந்தது. நேற்றைய ஆர்டரை எவ்வளவு துல்லியமாகக் கூட்டினாலும் அந்த மாற்றம் தென்பட்டிருக்காது.

பிற்காலத்தில் லயன்ஸ் வீழ்ந்தது வெளிநாட்டுக் கடனாலும் எழுபதுகளில் பவுண்டின் மதிப்பு சரிந்ததாலும்தானே, கணினிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். 1978இல் அலைட் புரூவரீஸ் நிறுவனத்தின் கைக்கு அது போனதற்குக் காரணம் அவைதான், மறுக்கவில்லை. ஆனால் தேநீர்க்கடைகளின் தேய்வு அந்தக் கடன்களுக்கு முந்தியது. இன்னொரு மறுப்பு கனமானது: பொருளுக்குப் பிறப்பு, வளர்ச்சி, முதிர்ச்சி என ஆயுட்கட்டங்கள் உண்டு என்ற கோட்பாட்டையே கைவிடச் சொல்லி தல்லா, யூஸ்பே என்ற இருவர் 1976இல் எழுதினார்கள். முதுமை வந்துவிட்டது என்று நம்பி நிறுவனங்களே நல்ல பொருளைக் கொன்றுவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். அது சரியான எச்சரிக்கை. ஆனால் லியோவின் கதையில் வயது விதியாக வரவில்லை, முதலீட்டுத் தேவையாக வருகிறது. 1954இல் லியோ கணினிகளை வெளியாருக்கு விற்கத் தனி நிறுவனம் தொடங்கியபோது, லயன்ஸின் ஒரே கூரைக்குக் கீழே முதிர்ந்த தேநீர்க்கடையும் பிறந்த குழந்தையான கணினியும் இருந்தன. முதலாவதற்குச் சிக்கனம் வேண்டும்; இரண்டாவதற்கு ஆண்டுதோறும் பெருமுதல் வேண்டும். ஃபோர்டின் சம்பளக் கணக்குவரை லியோ செய்துகொடுத்தும், உணவு நிறுவனத்தால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. 1963இல் லியோ நிறுவனத்தை இங்கிலீஷ் எலக்ட்ரிக்கின் கணினிப் பிரிவோடு இணைத்துவிட்டுப் படிப்படியாக விலகிக்கொண்டது. தனக்காகச் செய்த கருவியே தன் மிக இளமையான சரக்கு என்பதை லயன்ஸ் கண்டுகொண்டிருந்தது. அதை வளர்க்கும் பணம்தான் பன்னிலும் தேநீரிலும் கிடைக்கவில்லை.