கனவின் கையறுநிலை: ஒரு திரைப்படமும் மெர்ட்டன் கொள்கையும்

சமுதாயம் செல்வமும் உயர்வும் ஆகிய குறிக்கோள்களை எல்லார்க்கும் பொதுவாக விதிக்கின்றது. அவற்றை அடைதற்குரிய நேர்வழிகளையோ எல்லார்க்கும் ஒப்ப வழங்குவதில்லை. அமெரிக்கச் சமூகவியலறிஞர் இராபர்ட் மெர்ட்டன் 1938-இல் நிறுவிய கொள்கை இது. இம்முரண்பாட்டை மக்கள் எதிர்கொள்ளும் நெறிகளை ஐவகையாக வகுத்த அவர், குறிக்கோள், வழி என்னும் இரண்டையும் துறந்து ஒதுங்குவோருள் போதையடிமைகளை அடக்கினார். அவ்வகைப்பாடு எத்துணைப் பொருந்தும் என ஆராய்தற்கு, 2000-இல் வெளிவந்த ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் ஏற்ற சான்றாகும்.

ஹியூபர்ட் செல்பியின் 1978-ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவி டேரன் அரனாஃப்ஸ்கி இயக்கிய படம் இது. ரெக்வியம் என்பது இறந்தோர்க்குரிய வழிபாட்டிசை. நம் மரபிற் கூறின், கனவின் கையறுநிலை எனலாம். கதை நியூயார்க்கின் கோனித் தீவுப் பகுதியில் கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்னும் மூன்று பருவங்களில் நடக்கின்றது. இளவேனில் வருவதேயில்லை. ஹாரி, அவன் காதலி மேரியன், நண்பன் டைரோன் ஆகிய மூவரும் ஹெராயினுக்கு அடிமைகள். ஹாரியின் தாய் சாரா கைம்பெண். தொலைக்காட்சியில் தோன்றலாம் என வந்த தொலைபேசிச் செய்தியை நம்பிப் பழைய சிவப்பு உடையை மீண்டும் அணிய விழைகின்றாள். உடல் மெலிய மாத்திரை உண்கின்றாள். அவள் முகத்தையும் நோக்காமல் மருத்துவர் அதனை எழுதிக் கொடுக்கின்றார்.

இவ்விருவகைப் பொருள்களின் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது. ஹெராயினும் ஒருகாலத்தில் மருந்தே. 1898-இல் பேயர் நிறுவனம் அதனை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. 1914-ஆம் ஆண்டு ஹாரிசன் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தியது. 1924-இல் அமெரிக்காவில் அதன் உற்பத்தி தடுக்கப்பட்டது. 1930-களில் விற்பனைக்கு வந்த ஆம்ஃபெட்டமின், பசியடக்கும் மருந்தாகப் பல்லாண்டு வழங்கப்பட்டு, 1971-இல்தான் கடுங்கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. எனவே மருந்து, நஞ்சு என்னும் பகுப்பைப் பொருளின் தன்மை மட்டும் வரையறுக்கவில்லை. சட்டமும் வாணிகமும் காலந்தோறும் மாற்றி வரையறுத்தன. தாய் பல்லை நறநறவெனக் கடிப்பது கேட்டு அவள் உண்பது இன்னதென முதலில் அறிபவன் ஹெராயின் விற்கும் மகனே. மருத்துவர் தந்தது என்பதே அவளது விடை.

இனி, மெர்ட்டன் கூற்றுக்கு வருவோம். இந்நால்வருள் குறிக்கோளைத் துறந்தவர் எவருமிலர். மேரியன் வரையும் ஆடைகளுக்கு ஒரு கடை வேண்டும். டைரோன் தாய்க்களித்த உறுதியை நிறைவேற்ற வேண்டும். சாராவை ஊரார் விரும்ப வேண்டும். மூவர் நாடியது சட்டம் விலக்கிய வழி. சாரா நாடியது சட்டம் இசைந்த வழி. ஆயினும் முடிவு ஒன்றே. ஹாரி கையை இழக்கின்றான். மேரியன் உடலை விற்கின்றாள். சாரா மின்னதிர்ச்சி மருத்துவத்தால் சிதைகின்றாள். கறுப்பினத்தவனாகிய டைரோன் தென்மாநிலச் சிறையில் இனவிழிவையும் சேர்த்துச் சுமக்கின்றான்.

இதனால் மெர்ட்டனின் அடிப்படைக் கொள்கை வலுப்பெறுகின்றது. போதையடிமை பற்றிய அவர் வகைப்பாடே திருத்தம் வேண்டுகின்றது. இந்நால்வரும் சமுதாயத்தின் கனவைக் கைவிட்டமையால் அழியவில்லை. அதனை இறுதிவரை நம்பியமையாலேயே அழிந்தனர்.