கொட்டியாரத்து வன்னிபங்களும் எங்கள் அம்மாமாரின் காணிகளும்

மூதூர் அடங்கிய கொட்டியாரப்பற்றை ஒருகாலத்தில் வன்னிபங்கள் ஆண்டனர். அவர்களது காணிக் கதைக்கு நல்ல சான்று கங்குவேலிக் கல்வெட்டு. மலையில் வன்னியனாரும் ஏழூர் அடப்பர்மாரும் கோணேசர் கோயிலுக்குக் கங்குவேலியில் நிலம் கொடுத்ததை அது சொல்கிறது. 1786இல் ஒல்லாந்து அதிகாரி வான் சென்டன் இங்கு வந்தபோதும் வன்னிபம் இருந்தார்.

இங்கிலாந்துப் பிரபுக்களின் காணி பெரும்பாலும் மூத்த மகனுக்கே போனது. எங்கள் பக்கம் அப்படியல்ல. தமிழரோ முஸ்லிம்களோ, வீடும் வளவும் மகளுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். வன்னிபத்தின் கொடை கல்லில் நின்றது. அம்மாமாரின் உறுதிகளோ தகரப் பெட்டியில் கிடந்தன; 2006 ஆகஸ்டில் ஓடியபோது எங்களிற் பலர் பெட்டியை விட்டுவிட்டே போனோம்.

பழைய உறுதியோ நகலோ வைத்திருக்கும் சகோதரிகள், தாய், அம்மம்மா பெயர்களுடன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.