அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆசிடும் தண்ணீரும்

சென்னையின் மேற்குப் புறநகருக்கு அமிலத்தைக் கொண்டுவந்தவை சைக்கிளும் மோட்டார் வண்டியும்தான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது. 1960-களின் முற்பகுதியில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் உதிரிபாக ஆலைகளும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பெரிய ஆலைகள் கேட்ட சில்லறை உருப்படிகளை எஸ்டேட்டின் சிறு பட்டறைகள் செய்து கொடுத்தன. அவை துருப்பிடிக்காமலிருக்க முலாம் வேண்டும். முலாம் பட்டறை என்றால் வரிசையாகத் தொட்டிகள்: எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் சூடான காஸ்டிக் சோடா, துருவை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு துத்தநாகம், நிக்கல் அல்லது குரோமியக் கரைசல்.

ஆசிட்டுக்கு அஞ்சுகிறவர்கள்கூடக் காஸ்டிக்கை அலட்சியமாகப் பார்ப்பதுண்டு. கண்ணுக்கு அதுதான் கொடியது. பெரும்பாலான அமிலங்கள் விழியின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறைய வைக்கும். அந்த உறைவே ஓரளவு தடுப்பாகிவிடும். காரமோ கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். இரண்டுக்கும் முதல் மருந்து தண்ணீர். உடனே, நிறைய, நீண்ட நேரம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கண்ணுக்குக் கண்ணாடியும் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும் கேட்டது. அடிபட்ட இடத்தில் தண்ணீரைக் கொட்டும் ஏற்பாடு, அச்சட்டத்தின்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில், அரிக்கும் பொருள்கள் பற்றிய அட்டவணையில் இருக்கிறது. வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில், 210 செ.மீ. உயரத்தில், 1.25 செ.மீ. குழாயில் சட்டென்று திறக்கும் வால்வு வேண்டும். தண்ணீர் தடைபடும் இடமானால் 210 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரத்தில் ஒரு தொட்டி. அதாவது ஏறக்குறைய 1,500 லிட்டர். 15 நிமிடம் கழுவச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. எந்தப் பிளம்பரும் அரைநாளில் அமைத்துவிடக்கூடியது இது. ஊர்க்குழாயை நம்பாமல் தொட்டியையும் சேர்த்து எழுதியவர் விவரமானவர்.

இன்று பச்சையும் மஞ்சளுமாக நிற்கும் அவசர ஷவர்க் கம்பம் வேறு வழியில் வந்தது. அமெரிக்கத் தரநிலையான இசட்358.1 முதலில் 1981-ல் வெளியானது. அடுத்த ஆண்டே இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10592 வந்தது. போபால் விஷவாயுக் கொடுமை நிகழ்ந்தது 1984-ல். அதன் பின் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கெனத் தனி அத்தியாயம் சேர்ந்தது. 1998-ல் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. உதிரிபாகம் வாங்கும் கம்பெனிகளின் தணிக்கைப் பட்டியல்கள் எஸ்டேட்டுக்குள் வர வர, ஷவரும் கண் கழுவும் ஐ-வாஷும் கேட்டுப் பெறும் பொருள்களாயின.

அமெரிக்கத் தரநிலைப்படி ஷவரில் நிமிடத்துக்குச் சுமார் 76 லிட்டர், 15 நிமிடம் கொட்ட வேண்டும்; மொத்தம் 1,136 லிட்டர். பழைய விதியின் தொட்டி இதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதே விதியின் அரை அங்குலக் குழாய் அந்த வேகத்தைத் தராது. ஒரு அங்குலமாவது வேண்டும். ஐ-வாஷுக்கு நிமிடத்துக்கு 1.5 லிட்டர் போதும். இடமோ பத்து நொடியில் எட்ட வேண்டும், வால்வு ஒரு நொடியில் திறந்து, கையை எடுத்தாலும் திறந்தே நிற்க வேண்டும்; இமையை விரிக்க இரண்டு கையும் தேவைப்படும்.

தண்ணீர் 16 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்கிற வரம்பில் குளிர்நாட்டார் கவலைப்படுவது கீழ்ப்பக்கம். இங்கே மேல்பக்கம்: சித்திரை வெயிலில் ஷெட் கூரைமேல் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியின் நீர் சுடும். தொட்டியை நிழலில் வைக்காமல் விலையுயர்ந்த ஷவர் வாங்குவது வீண். போர்வெல் உப்பு நீரானால் ஐ-வாஷின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். 2019 ஜூனில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீரே கதி என்றானபோது தெரிந்தபடி, ஷவருக்கான தொட்டியை மற்ற வேலைகளுக்குப் பொதுவாக வைக்கவும் கூடாது. குழாய் இழுக்க முடியாத வாடகை ஷெட்டுக்குத் தன் தொட்டியோடு வரும் ஐ-வாஷ் பொருந்தும். அதில் 23 லிட்டராவது பிடிக்க வேண்டும். கையடக்கக் கழுவு பாட்டில் அதற்கு மாற்றல்ல; ஐ-வாஷுக்குப் போய்ச் சேரும்வரைதான் அது உதவும்.

வாரம் ஒருமுறை திறந்து ஓடவிட்டுப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்கத் தரநிலை. தண்ணீரை விலைக்கு வாங்கும் முலாம் பட்டறையில் அந்த நீரை வாளியில் பிடித்து அலசும் தொட்டியில் ஊற்றிக்கொள்ளலாம்.